வாசலில் நின்ற பெடியன்

"பையை ஒருக்கா திறந்து காட்டுங்கோ அங்கிள்" என்று அந்தப் பெடியன் தமிழில் சொன்னபோது, எங்கே நிற்கிறேன் என்பதே எனக்கு ஒரு கணம் மறந்துபோனது.

ரொறன்ரோவின் வடக்குப் பக்கம், பாதர்ஸ்ட் வீதியிலிருந்து உள்ளே திரும்பினால் வருகிற ஒரு சினகோக்கின் வாசல் அது. யூதர்களின் கோவில். பைபிளில் ஜெப ஆலயம் என்று படித்திருப்பீர்களே, அதுதான். 2025 செப்டெம்பர் 27, சனிக்கிழமை காலை. என்னுடைய பழைய முதலாளியின் பேரனுக்கு பார் மிட்ஸ்வா. பதின்மூன்று வயதாகும் பிள்ளை முதன்முதலாகச் சபைக்கு முன்னால் நின்று வேதம் வாசிக்கிற நாள். ஷபாத் என்கிற ஓய்வுநாளில் அவர்கள் கார் ஓட்டுவதில்லை என்பதால், என் காரை இரண்டு தெரு தள்ளி விட்டுவிட்டு நடந்து வந்திருந்தேன்.

பட்டியலில் என் பெயரைப் பார்த்துத்தான் பெடியன் தமிழுக்கு மாறியிருக்கிறான். இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதிருக்கும். கறுப்பு ஜாக்கெட், காதில் ஒரு வயர், நெற்றியில் அழிந்தும் அழியாமலும் திருநீறு. என் பையில் மூக்குக்கண்ணாடிக் கூடும் சீனி வருத்தத்துக்கான குளிசையும் ஒரு குடையும்தான் இருந்தன. அவன் குடையையும் விரித்துப் பார்த்தான். "குறை நினைக்காதேங்கோ, எல்லாருக்கும் இப்பிடித்தான்" என்றான். ஸ்காபரோப் பிள்ளை. கிழமை நாளில் படிப்பு, சனி ஞாயிறில் இந்த வேலை.

"வீட்டில ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று கேட்டேன்.

"அம்மாவுக்கு நான் இங்க நிக்கிறது விருப்பமில்லை. வேற இடம் கேள் எண்டு ஒவ்வொரு கிழமையும் சொல்லுவா. எனக்கு இங்க பிடிச்சிருக்கு அங்கிள். ஒரு பாட்டி இருக்கிறா, என்ர பேரைச் சரியாச் சொல்லிக் கூப்பிடுவா. வேற ஒரு சைட்டிலயும் என்ர பேரை ஒருத்தரும் சரியாச் சொன்னதில்லை."

கதவு உள்ளேயிருந்து பொத்தானை அமத்தினால்தான் திறக்கும். வாசலுக்கு முன்னால் முழங்கால் உயரத்தில் கொங்கிறீட் தூண்கள். கார் கொண்டுவந்து மோதினால் நிறுத்துவதற்கு. கண்ணாடிகளின் மேல் உடையாத ஏதோ ஒன்றை ஒட்டியிருந்தார்கள். முப்பது வருடங்களுக்கு முன், வெள்ளிக்கிழமை காலைகளில், இதே வாசலுக்குப் பாண் பெட்டி சுமந்துகொண்டு வந்தவன் நான். அப்போது அந்தக் கதவு திறந்தே கிடக்கும். தோளால் தள்ளிக்கொண்டு நேரே குசினிக்குள் போய்விடலாம்.

1989ல் கனடாவுக்கு வந்தேன். இரண்டாம் மாதமே, யூதரின் உணவு விதிப்படி நடக்கிற ஒரு கோஷர் பேக்கரியில் இரவு வேலை கிடைத்தது. முதல் வேலை முட்டை உடைப்பது. கேட்டால் சின்ன வேலை. ஆனால் ஒவ்வொரு முட்டையையும் தனித்தனியாக ஒரு கண்ணாடிக் குவளையில் உடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, இரத்தப் பொட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அதை வீசவேண்டும். இல்லாததைப் பெரிய வாளிக்குள் ஊற்ற வேண்டும். ஒரு இரவுக்கு எத்தனை நூறு முட்டைகள் என்று எண்ணியதில்லை. போறணையை நாங்கள் மூட்டக்கூடாது. மஷ்கியாக் என்கிற மேற்பார்வையாளர் வந்து அவர் கையால் மூட்டுவார். பிசைந்த மாவில் ஒரு சிறு துண்டைக் கிள்ளி எடுத்து, வாய்க்குள் ஏதோ சொல்லி, அதைத் தனியே எரிப்பார். பழங்காலத்தில் எருசலேம் கோவில் குருக்களுக்குப் போன பங்காம் அது. கோவில் இடிந்து ஏறக்குறைய 2000 வருடங்கள். இன்னும் அந்தப் பங்கை எடுத்து வைக்கிறார்கள்.

வியாழன் இரவுதான் பெரிய வேலை. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஷபாத் தொடங்குமுன் ஒவ்வொரு வீட்டு மேசைக்கும் ஹல்லா என்கிற பின்னல் பாண் போய்ச்சேர வேண்டும். ஆறு புரி எடுத்துப் பின்னுவது. எனக்கு இரண்டு இரவில் பிடிபட்டுவிட்டது. அம்மா பனையோலைப் பெட்டி இழைப்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது பெரிய வித்தையா? ஆனால் புரட்டாதியில், அவர்களுடைய புதுவருடம் ரோஷ் ஹஷானா வரும்போது, பாண் வட்டமாகிவிடும். நீளமாக உருட்டி, சுற்றிச் சுற்றி வைப்பது. எங்கள் ஊர்க் கடற்கரையில் வள்ளத்துக்குள் கயிறு சுருட்டி வைத்திருப்பார்களே, அச்சொட்டாக அப்படி. முதல் தடவை அதைச் செய்தபோது ஊர் ஞாபகத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது.

நான் யாழ்ப்பாணத்தின் கரையோரக் கத்தோலிக்கக் கிராமம் ஒன்றில் பிறந்தவன். எங்கள் ஊரில் யூதர் ஒருவரும் இருந்ததில்லை. ஆனால் யூதரை எனக்குத் தெரியும். தவக்காலத்தில் கோவில் முற்றத்தில் பாஸ்கு போடுவார்கள். யேசுவின் பாடுகளின் நாடகம். அதில் யூதராக வருபவர்களுக்குச் சணலில் தாடி, கண்ணுக்கு மை, உருட்டல் பார்வை, பேய்ச் சிரிப்பு. "இவனுடைய இரத்தப்பழி எங்கள் மேலும் எங்கள் பிள்ளைகள் மேலும் இருப்பதாக" என்று அவர்கள் ஒரே குரலில் கத்தும்போது பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பார்கள். நான் அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். யேசுவும் யூதர், மரியாளும் யூதர், பேதுருவும் யூதர் என்று எங்களுக்கு ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை. அவர்களுக்கு மட்டும் சணல் தாடி இல்லை.

நான் பிறந்த அதே 1965ல், ஒக்டோபர் 28ஆம் திகதி, இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஒரு அறிக்கை வெளியிட்டது. யேசுவின் சாவுக்கான பழியை அக்காலத்து யூதர் எல்லார்மேலும், இக்காலத்து யூதர்மேலும் சுமத்தக் கூடாது என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. அதை நான் படித்தது கனடாவுக்கு வந்த பிறகு. எங்கள் ஊர் முற்றத்துக்கு அந்தச் செய்தி என் சின்ன வயதில் வந்து சேரவில்லை. ஒரு யூதரையும் காணாமலே யூதர் மேல் ஒரு பயத்தையும் அருவருப்பையும் சுமந்துகொண்டுதான் நான் விமானம் ஏறியிருக்கிறேன். பேக்கரிக்குள் நுழைந்த முதல் நாள் அது எனக்குள் அசைந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, என்றாலும் எழுதத்தான் வேண்டும்.

முதலாளி பிறந்தது 1946ல், ஜெர்மனியில், போர் முடிந்தபின் வீடிழந்தவர்களுக்காக அமைத்த முகாம் ஒன்றில். தாய் தகப்பன் போலந்துக்காரர். தகப்பன் தையற்காரர். 1948ல் கனடாவின் உடுப்புத் தொழிற்சாலைகளுக்குத் தையல் தெரிந்த கை தேவைப்பட்டபோது, அந்தக் கையை வைத்துக் குடும்பம் ரொறன்ரோவின் ஸ்படைனா வீதிக்கு வந்து சேர்ந்தது. போருக்கு முன்னர் அந்தக் கைக்கு இடமிருக்கவில்லை. 1933க்கும் 1945க்கும் இடையில் கனடா உள்ளே விட்ட யூத அகதிகள் 5000 பேருக்கும் குறைவு. 1939 மே மாதம் ஹம்பேர்க்கிலிருந்து புறப்பட்ட செயின்ற் லூயிஸ் கப்பலில் 937 பேர். ஏறக்குறைய எல்லாரும் யூதர். கியூபா திருப்பியது. அமெரிக்கா திருப்பியது. ஹலிபாக்ஸ் துறைமுகத்துக்கு இரண்டு நாள் ஓட்டம். கனடாவும் கதவைத் திறக்கவில்லை. ஐரோப்பாவுக்கே திரும்பிய அவர்களில் 254 பேர் பிறகு கொல்லப்பட்டார்கள். போர் முடிகிற தறுவாயில், எத்தனை யூதரை எடுக்கலாம் என்று கேட்டதற்குக் கனடிய அதிகாரி ஒருவர் சொன்ன பதில் இங்கே எல்லாருக்கும் தெரியும்: ஒருவரும் வராவிட்டாலே அதிகம்தான்.

1986 ஆகஸ்ட் 11ஆம் திகதி, நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை அந்தக் கரை மீனவர்கள் ஏற்றிக் காப்பாற்றினார்கள். கனடா அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்துத் தன் தகப்பன் அழுததாக முதலாளி எனக்குச் சொன்னார். "இந்தத் தடவை கரையில் ஆட்கள் நின்றார்கள்" என்று மட்டும் சொன்னாராம் கிழவர். செயின்ற் லூயிஸுக்காகக் கனடா மன்னிப்புக் கேட்டது 2018 நவம்பரில். அதற்கு எட்டு வருடங்களுக்கு முன் சன் சீ கப்பலில் எங்கள் ஆட்கள் 492 பேர் வந்தபோது, அவர்களைச் சிறையில் அடைத்துவிட்டு, உள்ளே எத்தனை பயங்கரவாதி என்று நாடே எண்ணிக்கொண்டிருந்ததும் எனக்கு மறக்கவில்லை.

இந்த நகரத்தில் நாங்கள் இன்று சாதாரணமாக அனுபவிக்கிற பல காரியங்களுக்கு முதலில் அடிபட்டவர்கள் யூதர்கள். என் மூத்த மகள் பிறந்தது மவுண்ட் சைனாய் ஆஸ்பத்திரியில். அதன் தொடக்கம் 1923. மற்ற ஆஸ்பத்திரிகளில் யூத வைத்தியர்களுக்கு இடம் கிடைக்காத காலத்தில், யூதப் பெண்கள் வீடு வீடாகக் காசு சேர்த்து யோர்க்வில்லில் வாங்கிய ஒரு கட்டிடம் அது. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது பனியில் சறுக்க கிறிஸ்டி பிற்ஸ் பூங்காவுக்குக் கூட்டிப்போவேன். நல்ல சரிவு. 1933 ஆகஸ்ட் 16 இரவு, ஹிட்லர் பதவிக்கு வந்து ஏழே மாதத்தில், யூதப் பெடியள் நிறைந்த ஒரு பேஸ்போல் குழு அங்கே விளையாடி முடித்தபோது யாரோ சுவஸ்திகா வரைந்த துணியை விரித்துக் காட்டினார்கள். ஆறு மணித்தியாலம் அடிபாடு. இத்தாலியப் பெடியள் யூதர் பக்கம் வந்து நின்று அடித்தார்கள். நல்லவேளையாக ஒருவரும் சாகவில்லை. இப்போது அங்கே ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. நான் எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போய், ஒருநாள்தான் நின்று வாசித்தேன்.

அப்புறம் காணி உறுதிக் கதை. இதை நான் சந்திக்கிற ஒவ்வொரு தமிழருக்கும் சொல்லுவேன். ஹியூரன் ஏரிக்கரையில் ஒரு விடுமுறைக் குடியிருப்பு. அதன் உறுதிகளில் ஒரு நிபந்தனை: யூத, செமிற்றிக், நீக்ரோ அல்லது நிறமுள்ள இனத்தவர் எவருக்கும் இந்தக் காணியை விற்கக்கூடாது. ஆனி நோபிள் என்ற பெண்மணி தன் வீட்டை பெர்னார்ட் வுல்ஃப் என்கிற யூதருக்கு விற்கப் போக, அயலவர்கள் மறித்தார்கள். வழக்கு மேலே மேலே போய் 1950 நவம்பரில் கனடாவின் அதியுயர் நீதிமன்றம் அந்த நிபந்தனை செல்லாது என்றது. நிறமுள்ள இனம் என்று எழுதியிருந்தார்களே, அது நாங்கள்தான். நாங்கள் வந்து இறங்குவதற்கு எத்தனையோ வருடங்களுக்கு முன்னரே எங்கள் பெயரை உறுதியில் எழுதி வைத்திருந்தார்கள். வழக்காடி அதை வெட்டியவர் ஒரு யூதர். 1997ல் நான் ஸ்காபரோவில் வீடு வாங்கிக் கையெழுத்து வைத்தபோது இந்தக் கதை எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் இன்ன சாதிக்கு விற்காதே என்று உறுதியில் எழுதத் தேவையிருக்கவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரியும். அதனால் அந்த வழக்கின் அருமை எனக்குக் கொஞ்சம் கூடவே விளங்குகிறது.

இனி நான் சொல்லவந்த விஷயம்.

கிபிர் என்றால் என்ன என்று ஈழத்தமிழருக்கு விளக்கத் தேவையில்லை. சத்தம் பின்னால் வரும், குண்டு முன்னால் விழும். இஸ்ரேலில் செய்த போர்விமானம். 1996லிருந்து இலங்கை விமானப்படை வைத்திருந்தது. 1999 செப்டெம்பர் 15ஆம் திகதி புதுக்குடியிருப்பில் மந்துவில் பக்கம் சனம் கூடிய இடத்தில் கிபிர் குண்டு போட்டது. இருபதுக்கும் மேற்பட்ட பொதுசனம் செத்தார்கள். என் சின்னம்மாவின் மகன் அன்று அந்தப் பக்கம் போனவன். தகவல் இல்லை. அடுத்த நாள் வியாழன். இரவு வேலைக்குப் போனேன். வட்டப் பாண் சுருட்டுகிற கிழமை அது. கை சுருட்டிக்கொண்டிருந்தது, மனம் வன்னியில் நின்றது.

முதலாளி வழமைபோல வந்து "எப்படி?" என்றார். நான் மாவை மேசையில் அடித்துவிட்டுச் சொன்னேன்: "உங்கட விமானம் எங்கட சனத்தைக் கொண்டுபோட்டுது." சத்தமாகவே சொன்னேன். பிலிப்பைன்ஸ்காரப் பெண் ஒருத்தி தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். அவருக்கு விளங்கவில்லை. எந்த விமானம் என்று கேட்டார். நான் பெயரைச் சொன்னேன், நாட்டைச் சொன்னேன், விற்றீர்கள், காசு வாங்கினீர்கள் என்றேன். பன்மையில் சொல்லிக்கொண்டே போனேன். நீங்கள், உங்கள் ஆட்கள், உங்கள் நாடு.

அவர் கனநேரம் பேசாமல் நின்றார். பிறகு, "நான் வாழ்நாளில் ஒரு விமானமும் விற்கவில்லை. பாண்தான் விற்றிருக்கிறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அப்படியே என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் அலுவலகக் கதிரையில் இருத்தி, கதவைச் சாத்தி, தொலைபேசியை என் பக்கம் தள்ளிவிட்டு, "கொழும்புக்கு எடு. எத்தனை தடவை என்றாலும் எடு" என்றார். அந்தக் காலத்தில் இலங்கைக்கு எடுக்கிற காசு என்னவென்று அக்கால ஆட்களுக்குத் தெரியும். விடியும்வரை எடுத்தேன். சின்னம்மாவின் மகன் உயிரோடு இருக்கிறான் என்று சனிக்கிழமைதான் தெரிந்தது.

அந்தக் காலம் அவர்களுடைய பத்து நாள். ரோஷ் ஹஷானாவுக்கும் யோம் கிப்பூர் விரதத்துக்கும் இடையில், யாரையெல்லாம் நோகடித்தோமோ அவர்களிடம் நேரே போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். மனிதருக்குச் செய்த பிழையை அந்த மனிதர் மன்னிக்காமல் கடவுள் மன்னிக்கமாட்டார் என்பது அவர்கள் நம்பிக்கை. வருடாவருடம் முதலாளி ஒவ்வொரு வேலையாளிடமும் வந்து கேட்பார். அந்த வருடமும் ஞாயிறு காலை வந்தார். "நான் விசாரித்தேன். நீ சொன்னது உண்மை. அந்த விமானம் அங்கே செய்ததுதான். எனக்குத் தெரிந்திருக்கவில்லை" என்றார். பிறகு வழமையான வசனம்: "இந்த வருடம் உன்னை நோகப்பண்ணியிருந்தால் மன்னித்துக்கொள்." நான் தலையாட்டினேன். நான்தான் கேட்டிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

இதற்குப் பத்து வருடம் கழித்து, 2009 மே 10ஆம் திகதி, முள்ளிவாய்க்காலில் சனம் செத்துக்கொண்டிருந்தபோது, நாங்கள் ஆயிரக்கணக்கில் ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி உட்கார்ந்தோம். நானும் இருந்தேன், மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். அடுத்த நாள் வேலைத்தலத்தில் (அப்போது வேறு வேலை) ஒருவன், "உங்கள் ஆட்கள் குண்டு கட்டிக்கொண்டு வெடிக்கிறார்களே, அதற்கு என்ன சொல்கிறாய்?" என்று கோப்பி மெசினுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டான். நான் ஒரு குண்டும் கட்டியதில்லை. இருந்தாலும் அவன் முன்னால் நின்று விளக்கம் சொல்லத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல நான் கூனிப்போவது எனக்கே தெரிந்தது. அன்றைக்குத்தான் மாவை அடித்துவிட்டு நான் கத்திய அந்த இரவு முழுதாக விளங்கியது.

2023 ஒக்டோபர் 7ஆம் திகதி ஹமாஸ் ஏறத்தாழ 1200 பேரைக் கொன்றது. அதன்பின் காசாவில் நடந்ததை நாங்கள் எல்லாரும் கைத்தொலைபேசியில் பார்த்தோம். இடிபாட்டுக்குள்ளிருந்து பிள்ளைகளைத் தூக்குகிற படங்களைப் பார்த்து, முள்ளிவாய்க்கால் திரும்பி வந்ததுபோல நித்திரையில்லாமல் கிடந்திருக்கிறேன். இஸ்ரேல் அரசு செய்வதைக் கண்டித்து ஊர்வலம் போவது, துணைத்தூதரகத்துக்கு முன் நின்று கத்துவது, ஆயுதம் விற்காதே என்று ஒட்டாவாவைக் கேட்பது எல்லாம் சரி. நானும் போயிருக்கிறேன். ஆனால் நோர்த் யோர்க்கில் யூதப் பெண்பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளிக்கூடத்தை 2024ல் மூன்று தடவை சுட்டார்கள். மே மாதம் ஒருமுறை, ஒக்டோபரில் யோம் கிப்பூர் அன்று ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை. ஆளில்லாத நேரமென்பதால் ஒருவருக்கும் காயமில்லை. பிள்ளைகள் திரும்பவும் அந்தக் கதவால்தான் உள்ளே போகவேண்டும். 2006ல் விமானக்குண்டில் பெண்பிள்ளைகள் செத்த செஞ்சோலையைத் தெரிந்த எங்களுக்கு, பெண்பிள்ளைகள் இருக்கிற இடத்தைக் குறிபார்ப்பது என்றால் என்ன என்று ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

கனடாவில் யூதர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 2021 கணக்கெடுப்பில் 3 இலட்சத்து 35 ஆயிரம் பேர். 2023ல் மதத்தைக் குறிவைத்து நடந்ததாகப் பொலிஸில் பதிவான 1,284 வெறுப்புக் குற்றங்களில் 900 அவர்கள்மேல் நடந்தவை. அடுத்த இடத்தில் முஸ்லிம்கள். இந்த எண்ணை நான் ஒரு தமிழ்க் கூட்டத்தில் சொன்னபோது, "அவையளிட்டைத்தானே உலகத்துக் காசெல்லாம் கிடக்குது, பார்த்துக்கொள்ளுவினம்" என்றார் ஒரு பெரியவர். நல்ல மனிதர், என் பிள்ளையின் கல்யாணத்தில் முன்னுக்கு நின்றவர். இதே மனிதர்தான் முப்பது வருடமாக, "யூதரைப் பார், 2000 வருடம் காத்திருந்து நாடு எடுத்தவங்கள், அவங்களைப்போல நாங்களும்" என்று மேடையில் பேசியவர். ஒருநாள் பூசை, ஒருநாள் ஏச்சு. இரண்டிலும் பாதர்ஸ்ட் வீதியில் பாண் வாங்க வரிசையில் நிற்கிற மனிதர் இல்லை. வாட்ஸப்பில் வருகிற "உலகை ஆளும் யூதர்" கதைகள் எனக்கு அந்தச் சணல் தாடியைத்தான் ஞாபகப்படுத்துகின்றன. தாடியைக் கட்டுகிறவர்கள் மட்டும் மாறியிருக்கிறார்கள்.

இதே நகரத்தில் வேறு நாட்களும் இருந்தன. 2017 ஜனவரியில் கியூபெக் நகரத்து மசூதியில் தொழுதவர்களில் ஆறு பேரை ஒருவன் சுட்டுக் கொன்றபோது, அடுத்த வெள்ளிக்கிழமை ரொறன்ரோவில் யூதர்கள் ஒரு மசூதியைச் சுற்றிக் கைகோத்து நின்றார்கள். 2018 ஒக்டோபரில் பிட்ஸ்பர்க் சினகோக்கில் 11 பேர் கொல்லப்பட்டபோது, ஹோலி ப்ளொசம் சினகோக்கைச் சுற்றி முஸ்லிம்கள் வந்து நின்றார்கள். இப்போது அப்படி நிற்பது கடினமாகிவிட்டது. இரண்டு பக்கமும் பிணங்களை எண்ணிக்கொண்டிருக்கும்போது கையை நீட்டுவது லேசில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த இரண்டு நாட்களையும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து ஒரு கிப்பா தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் இருந்தேன். பேரப்பிள்ளை வெள்ளிக்கோலால் எழுத்தைத் தொட்டுத் தொட்டு வாசித்தான். குரல் உடைகிற வயது, இரண்டு இடத்தில் கீச்சென்றது. கனடாவுக்காக ஒரு பிரார்த்தனை சொன்னார்கள். ஹமாஸ் பிடித்து வைத்திருந்த பணயக்கைதிகளுக்காக ஒன்று சொன்னார்கள். காசாவின் பிள்ளைகளுக்காக ஏதும் வருமா என்று காத்திருந்தேன். வரவில்லை. நொந்தது. பிறகு சாப்பாட்டு மேசையில் முதலாளியின் மகள் அதையே தகப்பனிடம் கேட்டாள், அவளுடைய தமையன் அவளோடு சண்டைக்குப் போனான், மருமகன் இரண்டு பேரையும் பேசாமல் இருக்கச் சொன்னான். ஒரு மேசைக்குள் மூன்று கருத்து. இவர்களையா ஒரே ஆள் என்று நினைத்து வெளியே கணக்குக் கேட்கிறார்கள்?

வாசித்து முடிந்ததும் சபை முழுதும் பேரப்பிள்ளைமேல் இனிப்பு எறிந்தது. அது அவர்கள் வழக்கம். சின்னப்பிள்ளைகள் கதிரைகளுக்குக் கீழே பாய்ந்து பொறுக்கினார்கள். என் காலடியில் விழுந்த இரண்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

முதலாளிக்கு இப்போது 79 வயது. வட்டப் பாணைக் கையால் பிய்த்து என் தட்டில் வைத்தார். யோம் கிப்பூருக்கு ஐந்து நாள் இருந்தது. நான் சொன்னேன்: "1999ல் ஒரு இரவு உங்களோடு கத்தினேன். விமானத்தைப் பற்றி. அதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று இருபத்தாறு வருடமாக இருக்கிறேன்."

அவர் என்னைப் பார்த்தார். "அந்தப் பெடியன்" என்றார், "உன் சித்தியின் மகன். இப்போது எப்படி இருக்கிறான்?"

வவுனியாவில் கடை வைத்திருக்கிறான், மூன்று பிள்ளைகள் என்றேன். "நல்லது, நல்லது" என்று என் கையை அழுத்தினார்.

வெளியே வரும்போது வாசலில் என் பையைப் பார்த்த அந்தத் தம்பி நின்றான். ஒரு இனிப்பை நீட்டினேன். "இண்டைக்குப் புரட்டாதிச் சனி அங்கிள், விரதம். ஜெலட்டின் இருக்குமோ?" என்றான். கோஷர் பேக்கரியில் பல வருடம் நின்றவனிடம் கேட்கிற கேள்வியா! உறையைப் பார்த்துச் சொன்னேன்: "இது பெக்டின், பழத்தில எடுக்கிறது. தாராளமாச் சாப்பிடு." உறையைப் பிரிக்கப் போனவன், தெரு முனையில் ஒரு கார் மெதுவாகத் திரும்பியதைக் கண்டதும் அதைப் பைக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தான். கார் போய் மறையும்வரை அவன் கண் இலக்கத்தகட்டிலேயே இருந்தது.

அடுத்த வியாழன், ஒக்டோபர் 2, யோம் கிப்பூர். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து சினகோக் வாசலில் ஒருவன் காரால் மோதிக் கத்தியோடு இறங்கினான். வாசலில் நின்றவர்களும் உள்ளே இருந்தவர்களும் சேர்ந்து கதவை அடைத்துப் பிடித்தார்கள். இரண்டு பேர் உயிரிழந்தார்கள். செய்தியைக் கேட்டதும் முதலில் எனக்கு முன்னால் வந்தது முதலாளியின் முகம் இல்லை, அந்தத் தம்பியின் முகம். அவனுடைய அம்மா அன்றைக்கு என்ன சொல்லியிருப்பா என்று யோசித்தேன். டிசம்பரில் சிட்னி பொண்டாய்க் கடற்கரையில் ஹனுக்கா விழாவில் 15 பேரைச் சுட்டுக் கொன்ற செய்தி வந்தபோதும் அதே நினைப்புத்தான்.

மான்செஸ்டருக்குப் பிந்திய சனிக்கிழமை வேண்டுமென்றே அந்தத் தெருவால் போனேன். வாசலில் இப்போது இரண்டு பேர், பக்கத்தில் ஒரு பொலிஸ் கார். சரிகைக்கரை போட்ட சால்வையோடு ஒரு கிழவி கைத்தடி ஊன்றிப் படியேறிக்கொண்டிருந்தார். அவருடைய கையைப் பிடித்து ஏற்றிவிட்டது அவன்தான். என் காரைக் கண்டுபிடித்து ஒரு கையை உயர்த்தினான். நானும் உயர்த்தினேன். பிறகு அவன் திரும்பவும் வீதியைப் பார்த்தான்.